சுவர் என்று தெரியாத படங்கள்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிதைவைப் படம் எடுக்கத் தொடங்கினேன். துருப்பிடித்த தகரம், உரிந்த பெயிண்ட், ஈரத்தில் ஊறிய பலகை. மிக அருகில் போய் எடுத்தால் எது எதுவென்று தெரியாது. நிறமும் கோடும் மட்டும் மிஞ்சும். அப்படித் தெரியாமல் போவதுதான் கலை என்று தானா ராத்தா டவுன் காப்பிக்கடையில் நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் கடைசி லயத்தில், என்னிடம் படித்த ஒருத்தியின் வீட்டுச் சுவர் நான் பார்த்ததிலேயே அழகானது. கூரை ஒழுகி, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் படர்ந்து, நடுவில் ஊதா நிறத்தில் ஒரு வளையம். அந்தச் சுவரை ஒட்டித்தான் நெஞ்சுச்சளியோடு அவள் கணவன் படுத்திருந்தான்.

"படம் புடிங்க சார். மேனேஜருகிட்ட காட்டி வேற வூடு கேக்கலாம்" என்றாள்.

சரி என்றேன். பிறகு காலண்டரைக் கழற்றச் சொன்னேன். சாமி படத்தை எடுக்கச் சொன்னேன். கட்டில் இடைஞ்சலாக இருந்தது. அவனை வெளியே உட்காரவைக்கச் சொன்னேன். மூடுபனி இறங்கிய காலை அது. நான் நினைத்த வெளிச்சம் வர ஒரு மணி நேரம் ஆனது. வாசலில் அவன் இருமிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் லயம் பார்க்க வந்தார். அவர் வருவதற்கு முதல் நாளே, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஆட்களோடு வந்து எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் படம் கேட்டாள்.

மேனேஜர் வந்த அன்று நாற்பது படங்களோடு அவள் வீட்டுக்குப் போனேன். மண்டோர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னா சார், மேகமா, கடலா? செவுத்தையே காணோம்லா!"

மேனேஜர் ஒரு படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். "அழகா இருக்கு சார். ஆபீஸ்ல மாட்டலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவள் மீதிப் படங்களை என் நெஞ்சில் தள்ளினாள். "என் வூடு எங்க சார் இதுல? கட்டிலு எங்க? என் புருஷன் எங்க? எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு என்னாத்த சார் புடிச்சீங்க?"

"படத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். லயமே வெளியே வந்து பார்த்தது.

"எனக்குத் தெரியாதுதான். நீங்கதானே படிச்சவரு."

மழை பிடித்ததும் சுண்ணாம்பை மீறிப் பூசணம் திரும்பி வந்தது. இந்த முறை முழு அறையையும் எடுப்பதென்று கேமராவோடு போனேன். அவள் கதவைப் பாதி திறந்து, தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கோணலான படம். கட்டில், காலண்டர், சாமி படம், வாய் திறந்து மூச்சு வாங்கும் கணவன், பின்னால் சுவர்.

"இது வூடுன்னு தெரியுதா சார்?"

"தெரியுது."

"அப்ப நீங்க போலாம்."

அந்தக் கோணல் படத்தை மேனேஜரிடம் காட்டித்தான் மேல் லயத்தில் வேறு வீடு கேட்டு வாங்கினாள். என் படம் ஆபீஸ் வாசலில் தொங்குகிறது. கழற்றிக் கொடுக்கும்படி இரண்டு முறை கேட்டுவிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள்.