பாக்கு மட்டை போட்ட பம்பு

வக்கீல் ஒரு பாய்மரப் படகு வாங்கிவிட்டார் என்ற செய்தி மலைக்கோட்டைக் கடைவீதிக்கு வந்தபோது, கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எங்க போறதுக்கு?"

நியாயமான கேள்விதான். காவிரியில் பாலத்துக்கு மேற்கே அந்தப் படகை இறக்கினால், கிழக்கே பாலம் வரைக்கும் போகலாம். அதற்கு மேல் போகப் பாய்மரம் விடாது. அது பாலத்தைவிட உயரம். மேற்கே போனால் கொஞ்ச தூரத்தில் மணல்திட்டு. ஒரு வெள்ளைக்கார அதிகாரி இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமை தோறும் போவதும் வருவதுமாக இருந்தார். அவர் சீமைக்கு மூட்டை கட்டியபோது வக்கீல் அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம்.

அப்போது நான் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு சந்தில் சைக்கிளும் காஸ் லைட்டும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். வக்கீல் கடை வாசலில் வந்து நின்றார்.

"பம்பு தெரியுமாப்பா உனக்கு?"

"சைக்கிள் பம்பு தெரியுங்க."

"பம்பு பம்புதானே. வா."

இப்படித்தான் நான் கப்பல் மிஸ்திரி ஆனேன்.

படகுக்குள் இறங்கிப் பார்த்தால் ஒரு குட்டி வீடு. இரண்டு பக்கமும் பெஞ்சு. பெஞ்சுக்குக் கீழே குடிக்கிற தண்ணீருக்கு ஒரு தகரத் தொட்டி. அதன் மேல் பளபளவென்று ஒரு பித்தளைக் கைப்பம்பு. அடித்தால் வளைந்த குழாய் வழியாகத் தம்ளரில் தண்ணீர் விழும். தரைப் பலகைக்கு அடியில் கசிந்து சேருகிற ஆற்றுத் தண்ணீரை வெளியே தள்ள இன்னொரு பம்பு. அது பெரியது, அழுக்கானது, யாரும் திரும்பிப் பார்க்காதது. துரையின் பட்லர் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசியாக எனக்கு ஒரு வாசகம் சொன்னார்: "தண்ணி படகுக்குக் கீழ இருக்கலாம். மேல இருக்கிற தொட்டியில இருக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல மட்டும் இருக்கக் கூடாது." நான் எத்தனையோ பெரிய மனிதர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

படகை வைத்துக் காப்பாற்றுவது மாடு வளர்ப்பது மாதிரி. சும்மா நின்றாலும் அதற்கு வேலை செய்ய வேண்டும். கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தொளதொளக்கும். பாயை ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். காய வைத்து மடித்தால் எலி குடியேறும். இரண்டு பம்பிலும் உள்ளே தண்டின் நுனியில் தோல் வாஷர் இருக்கும். அதற்கு எண்ணெய் போட்டு ஊற வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தோல் காய்ந்தால் பம்பு தண்ணீரை இழுக்காது. இழுக்கிற மாதிரி சத்தம் மட்டும் போடும். "நம்ம கோர்ட்டு மாதிரி" என்பார் வக்கீல்.

அந்தத் தோலில்தான் வினை வந்தது.

வக்கீலுக்கு ஒரே பெண். காலேஜில் படித்தவள். ஸ்ரீரங்கத்தில் ஒரு நல்ல இடத்துப் பையனோடு ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்கும் வைபவமும் நடந்து முடிந்திருந்தது. பையனுக்குப் பட்டணத்தில் ஆபீஸ் உத்தியோகம். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. பெண்ணுக்கும்தான், அவள் அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் இரண்டு தரம் கேட்ட பிறகே பதில் சொன்னாள். பையனின் அப்பா எதற்கும் "ஆகட்டும்" என்று சொல்லுகிற மனிதர். பையனின் அம்மாதான் வாய் திறக்கவில்லை. அந்த மாமி மடி ஆசாரத்தில் நெருப்பு. பெண் பார்க்க வந்த அன்று வக்கீல் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் தொடவில்லை. "குழாய்த் தீர்த்தமா? குழாய்க்குள்ள தோல் வச்சிருப்பாளே. நேக்கு வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். வாரங்கள் போயின, ஸ்ரீரங்கத்திலிருந்து சேதி இல்லை. பெண் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள் என்று வீட்டு அம்மா என்னிடமே வந்து சொல்லி வருத்தப்பட்டார். பம்பு ரிப்பேர் செய்கிறவனிடம் எதைத்தான் சொல்லக் கூடாது?

வக்கீல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடிப் பதினெட்டு அன்று சம்பந்தி வீட்டாரைப் படகில் ஏற்றி, நடுக் காவிரியில் சித்திரான்னம் சாப்பிட வைப்பது. மாமி மனம் குளிர்ந்து அங்கேயே வார்த்தை கொடுத்துவிடுவார்.

"புதுத் தண்ணி கலங்கலா இருக்குமே சார். குடிக்க ஒரு குடத்துல கிணத்துத் தண்ணி எடுத்துக்கலாங்களா?" என்றேன்.

"குடத்துல எடுத்துண்டு போறதுக்குப் படகு எதுக்கு? கிணத்து ஜலத்தைத் தொட்டில ரொப்பி, நம்ம பம்புல அடிச்சுக் கொடுக்கணும். தோல் இல்லாத பம்பு! அந்த மாமி அசந்து போகணும்."

தோல் இல்லாமல் பம்பா? துணியைச் சுற்றிப் பார்த்தேன், ஒழுகியது. தேங்காய் நாரைத் திரித்துப் போட்டேன், தண்ணீரோடு நாரும் வந்தது. கடைசியில் ஒரு பாக்கு மட்டையை ஊற வைத்து, வட்டமாக நறுக்கி, விளக்கெண்ணெய் தடவிப் போட்டேன். அடித்தால் தண்ணீர் கொட்டியது! வக்கீல் என் முதுகில் தட்டினார். அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அடிப் பம்பு?" என்றார்.

"அது அழுக்குத் தண்ணிய வெளிய தள்ற பம்புங்க. அத யாரு குடிக்கப் போறாங்க?"

"எதிர்க்கட்சி எங்க ஓட்டைன்னுதான் பாக்கும். நுனி முதல் அடி வரைக்கும் இந்தப் படகுல தோல்ங்கற பேச்சே இருக்கப்படாது."

அதிலும் பாக்கு மட்டை ஏறிற்று. துடுப்பைச் சுற்றித் தைத்திருந்த தோலும் போயிற்று. பதினெட்டு அன்று காலையில் வக்கீல் குனிந்து, நிமிர்ந்து, மூலை முடுக்கெல்லாம் சோதனை போட்டார். என்னையும் விடவில்லை.

"இடுப்புல என்ன அது?"

"அரணாக்கயிறுங்க."

"நூலா, தோலா?"

"நூல்தாங்க சார். எங்கப்பா காலத்துலேருந்து நூல்தான்."

இன்னொரு காரியமும் செய்திருந்தார். கோடை முழுக்க மணலில் கிடந்த படகு காய்ந்து, பலகை இடுக்குகள் வாய் பிளந்திருக்கும். நாலைந்து நாள் தண்ணீரில் ஊறப் போட்டால் பலகை உப்பித் தானாக அடைத்துக்கொள்ளும். ஆனால் வக்கீல் சம்பந்திக்காகப் புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். "பெயிண்ட் பாழாயிடும்" என்று முதல் நாள் சாயங்காலம்தான் இறக்க விட்டார். பெயிண்ட் போதும், அதுவே அடைத்துக்கொள்ளும் என்று நானும் நம்பினேன். வக்கீல் சொன்னால் எதுவும் நம்பும்படியாகத்தான் இருக்கும். அதற்குத்தானே அவருக்கு அந்த வீடு, அந்தக் கார்.

ஸ்ரீரங்கக் கரையில் ஒரு சின்னப் படித்துறையில் அவர்கள் ஏறினார்கள். மாமி பட்டுப் புடவையில் மடிசாரோடு, கையில் தன் தளிகைப் பாத்திரங்களோடு வந்தார். வேறு யார் சமைத்ததும் அவருக்கு ஆகாது. பின்னால் "ஆகட்டும்" மாமா. அவருக்குப் பின்னால் பையன், சரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி அங்கவஸ்திரத்தைக் கெட்டியாக முடிந்துகொண்டு, ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைச் சுமப்பவர் மாதிரி நடந்து வந்தார். வக்கீல் வீட்டு அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம், கரையிலேயே நின்றுவிட்டார். பரிமாற ஆள் வேண்டும் என்ற சாக்கில் பெண் ஏறிக்கொண்டாள்.

ஆடிக் காற்றில் பாய் விம்மியது. கரை நெடுகக் கூட்டம். காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எங்களைப் பார்த்துக் கைகாட்டினார்கள். நடு ஆற்றில் நங்கூரம் போட்டேன். வக்கீல் தம்ளரை நீட்டினார். நான் பம்பை அடித்தேன். தண்ணீர் வெள்ளிக் கம்பி மாதிரி விழுந்தது.

"இதுல தோல் இல்லையே?" என்றார் மாமி.

"பாக்கு மட்டைங்க, மாமி" என்றேன்.

மாமி தம்ளரைத் தூக்கி, உதட்டில் படாமல், அரைத் தம்ளர் குடித்தார். வக்கீலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஹைகோர்ட்டில் ஜெயித்தபோதுகூட அப்படி இருந்திருக்காது.

புளியோதரை பரிமாறினார்கள். அப்போதுதான் மாமா முதல் தடவையாக "ஆகட்டும்" தவிர வேறு வார்த்தை சொன்னார்.

"கால் ஜில்லுனு இருக்கே."

குனிந்து பார்த்தேன். தரைப் பலகைக்கு மேலே காவிரி வந்துவிட்டிருந்தது. பாய்ந்து அடிப் பம்பைப் பிடித்தேன். நாலு அடி நன்றாக அடித்தது. ஐந்தாவது அடியில் உள்ளே 'டப்' என்றது. பாக்கு மட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. அதன் பிறகு சத்தம்தான் வந்தது.

"என்னப்பா?" என்றார் வக்கீல், பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டே.

"நடுவுல வந்துடுச்சுங்க" என்றேன். எனக்குப் பட்லர் ஞாபகம்.

நங்கூரத்தைத் தூக்கிப் பாயைத் திருப்புவதற்குள் பெஞ்சு வரைக்கும் நிறைந்துவிடும். ஆள் முழுகும் ஆழம், இழுப்பு வேறு. நல்ல வேளையாக ஒரு பரிசல்காரர் எங்கள் நிலையைப் பார்த்துவிட்டுச் சுற்றிச் சுற்றிக் கிட்டே வந்தார்.

"ஏறிக்கங்க சாமி! ஒவ்வொருத்தரா எறங்குங்க!"

"கிட்ட வராதே! கிட்ட வராதே! அது மாட்டுத்தோல்!" என்று கத்தினார் வக்கீல், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு.

"பின்ன என்ன, மல்லிப்பூவுலயா பரிசல் கட்டுவாங்க? முங்கறப்பக் கூப்பிடுங்க, வரேன்" என்று பரிசல்காரர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று வேடிக்கை பார்த்தார்.

"அவனை ஏன் விரட்டறேள்?" என்று மாமி கேட்டார். பெண் சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் தண்ணீரை வாரி இறைக்க ஆரம்பித்திருந்தாள். அவள் ஒரு தட்டு இறைத்தால் காவிரி இரண்டு தட்டு அனுப்பியது.

"ஒரு ரெண்டு விரல் அகலத் தோல் இருந்தாப் போதுங்க. பம்பு ஓடிடும்" என்றேன் நான்.

"தோலுக்கு எங்கடா போறது? எல்லாத்தையும் நானேன்னா கரையில எறக்கினேன்!" என்றார் வக்கீல்.

பெண் தட்டை நிறுத்தினாள். பையனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இதைச் சொன்னால் கல்யாணம் போய்விடும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவோம் என்று அவள் கணக்குப் போட்டது எனக்கே தெரிந்தது.

"உங்க இடுப்புல இருக்கே, அதைக் கழட்டிக் கொடுங்கோ" என்றாள்.

படகில் அத்தனை பேரும் பையனின் இடுப்பைப் பார்த்தோம். அவர் முகம் குங்குமமாகச் சிவந்தது. மெல்ல அங்கவஸ்திரத்தை அவிழ்த்தார். உள்ளே இரண்டு விரல் அகலத்தில், பித்தளை பக்கிள் வைத்த அசல் தோல் பெல்ட்! பட்டணத்தில் தினமும் கால்சராய் போட்டுப் பழகியவர். வேஷ்டி இடுப்பில் நிற்காது என்ற பயம்.

பெல்ட்டை ஒரு கையால் நீட்டினார். இன்னொரு கையால் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டார். நான் மடக்குக் கத்தியால் நுனியில் ஒரு வட்டம் நறுக்கினேன். புதுத் தோல், விறைப்பாக இருந்தது. "எண்ணெய்!" என்றேன். பெண் புளியோதரைப் பாத்திரத்தைச் சாய்த்து, ஓரத்தில் தேங்கிய நல்லெண்ணெயை என் உள்ளங்கையில் ஊற்றினாள். பிசைந்து, தண்டில் மாட்டி, மரையை முறுக்கி அடித்தேன். களக், களக் என்று காவிரி காவிரிக்கே திரும்பிப் போகத் தொடங்கியது. பம்பு முழுக்கப் பெருங்காய வாசனை.

தண்ணீர் இறங்க இறங்க, மாமியின் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று. வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்பவர் மாதிரி எதிரே நின்றார்.

"மாமி க்ஷமிக்கணும். தோலே இருக்கப்படாதுன்னு எவ்வளவோ..."

"வெளில போற தண்ணிக்கு என்னய்யா மடி?" என்றார் மாமி. "குடிக்கற தீர்த்தத்துல தோல் படப்படாதுன்னேன். அழுக்குத் தண்ணியத் தள்ற பம்புல தோல் இருந்தா நேக்கென்ன, கல்லு இருந்தா நேக்கென்ன? இத்தனை படிச்சவர் ஒரு வார்த்தை கேக்கப்படாதோ? எங்களைக் காவிரியோட அனுப்பப் பாத்தேளே!"

வக்கீல் கட்டிய கையை அவிழ்த்து, மிதந்துகொண்டிருந்த ஒரு தட்டை எடுத்துத் தானும் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார்.

மாமி பெண் பக்கம் திரும்பினார். அவள் நனைந்த புடவையோடு தட்டை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் இடுப்பை நீ எப்போடி பாத்தே?"

"படகுல ஏறறச்சே... மினுக்குனு தெரிஞ்சுது" என்றாள், கீழே பார்த்துக்கொண்டு.

மாமி பையனின் இடுப்பையும் பெண்ணின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே பம்பை மெதுவாக அடித்தேன், பதில் காதில் விழ வேண்டுமே!

"பெத்து வளத்தவ நான். இவன் பெல்ட் கட்டிண்டு திரியறது நேக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார் மாமி. "நீ ஏறி எறங்கறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டே. இனிமே இவனை நீயே பாத்துக்கோ. நான் பெருமாளைப் பாத்துண்டு இருக்கேன்."

வக்கீல் மாமாவைப் பார்த்தார். மாமா மாமியைப் பார்த்தார். மாமி தலையை ஆட்டினார்.

"ஆகட்டும்" என்றார் மாமா.

படித்துறையில் இறங்கும்போது பெரியவர்களைச் சேவிக்கச் சொன்னார்கள். பெண் சேவித்தாள். பையனால் முடியவில்லை, இரண்டு கையும் வேஷ்டியில் இருந்தன. வக்கீலே, "பரவால்லை, பரவால்லை, கல்யாணத்தன்னிக்குச் சேத்து சேவிச்சுக்கலாம்" என்று சொல்லி, தன் கைத்தாங்கலில் அவரை வண்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

அந்தத் தோல் வட்டத்தை நான் அதற்கப்புறம் மாற்றவே இல்லை. நல்ல தோல். மாப்பிள்ளை லீவில் வரும்போதெல்லாம் படகில் இறங்கி, முதல் வேலையாக அடிப் பம்பை நாலு அடி அடித்துப் பார்ப்பார். "மிஸ்திரி, என் பெல்ட் சௌக்கியமா?" என்பார். மேலே பெஞ்சிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: "அதை விடுங்கோ. இப்ப கட்டிண்டிருக்கறதைப் பத்திரமா வச்சுக்கோங்கோ."