முதலில் புகைக்கு வழி

மல்லிகாவின் அழைப்பு வந்தபோது யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் எங்கள் ஹார்ட்வெயார் கடையில் ஒருவருக்குப் பெயின்ட் கலந்துகொண்டிருந்தேன். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். மடத்தனமான கேள்விதான். பவளக்கொடி அக்கா எங்கேயாவது போகிறவர் என்றால் கித்துல்கலைக்குப் போவார், பழைய டைல்ஸ் பொறுக்க. இல்லாவிட்டால் என் கடைக்கு வருவார், சண்டை பிடிக்க. மூச்சுத் திணறிச் செத்துப்போனார் என்று மல்லிகா அழுதுகொண்டே சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. அது தெரிந்தே இதை வாசியுங்கள்.

அக்காவைத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேட்டுத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டியவர். தோட்டத்து வரிசை வீடுகளில், தொங்கல் லயத்துக் கடைசி வீடு. கணவருக்குக் கொழும்பில் காவல் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் அக்காவும் மகள் மல்லிகாவும் மல்லிகாவின் சின்னக் குழந்தையும்தான். அக்காவின் வாய்க்கு லயமே பயப்படும் என்பது உங்களுக்கும் தெரியும்.

எனக்கு அவர் கூடப்பிறந்தவர் இல்லை, கடையில் வந்த பழக்கம். முதன்முதல் அவர் எங்கள் கடைக்கு வந்தது பால் வெட்டு முடிந்த கையோடு. விரல்களில் றப்பர் பால் காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. அடுப்படிக்குப் பெயின்ட் வேண்டும் என்றார். என் கணவர் சிரித்துவிட்டார். "அடுப்படிக்கு எதுக்கும்மா பெயின்ட்? ரெண்டு நாள்ல கரி புடிச்சிரும்" என்றார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சியில அழுக்குப் புடிக்குதுன்னு நீங்க மூஞ்சி கழுவாமலா இருக்கீங்க, மொதலாளி?" என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்கா வந்தால் என் கணவர் உள்ளே போய்விடுவார், நான்தான் பேச வேண்டும்.

என்ன நிறம் என்று கேட்டேன். நிற அட்டையை நீட்டினால் அதைத் தொடவே இல்லை. மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, என் மேசையிலிருந்த கத்தியாலேயே பிளந்து வைத்தார். "இந்த உள்பக்கம் இருக்குல்ல, இதுதான்" என்றார். வெள்ளையில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். ஒவ்வொரு தடவையும் பழத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இல்ல தங்கச்சி, இது பல்லுப்பொடி கலரு" என்றும், "இது கல்யாண வீட்டுக் கலரு" என்றும் என் உயிரை வாங்கினார். கடைசியில் நிறம் சரியாக வந்ததும் பழத்தை என்னிடமே தின்னக் கொடுத்துவிட்டார். ஆனால் பெயின்டை வாங்கவில்லை. "வச்சிருங்க. இன்னும் வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கொதித்தது.

அப்படி என்னதான் வேலை என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போனேன். லயத்து அடுப்படிகளைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி, பகலிலும் இருட்டாக, றப்பர் விறகுப் புகை போக இடமில்லாமல், உள்ளே போகிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வருகிற இடம். அக்கா அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தார். தரையில் இருந்த அடுப்பை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மேடை கட்டியிருந்தார். கித்துல்கலையில் படகு விட வருகிற ஆட்கள் தங்கும் விடுதி ஒன்றில் குளியலறையை உடைத்து வீசிய டைல்ஸ் துண்டுகளைப் பால் வாளியில் சுமந்து வந்து, நீலம், வெள்ளை, பூப்போட்டது என்று கலந்து மேடையில் பதித்திருந்தார். தார் பீப்பாய்த் தகரத்தை வளைத்து, புகையைப் பின்சுவர்ப் பக்கம் திருப்பிவிடும் புகைக்கூண்டு வைத்திருந்தார். பழப்பெட்டிப் பலகையில் தட்டு அடித்துப் போத்தல்களை அடுக்கியிருந்தார். பின்சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்திருந்தார். நம் கடைத்தெருவில் இடித்த பழைய கடையொன்றின் பலாமரக் கதவை வாங்கி, தானே அளவுக்கு அறுத்து, பிணைச்சல் போட்டு மாட்டியது. அதைத் தள்ளித் திறந்தால் பலாமரமும் ஓடையும் தெரிந்தன. புகை நமக்கு முன்னால் முந்திக்கொண்டு வெளியே போனது.

"பெயின்ட் எப்பக்கா?" என்று கேட்டேன். "பெயின்ட் கடைசி தங்கச்சி. மொதல்ல பொகைக்கு வழி" என்றார். அடுத்த வாரம் வந்து கொய்யாப்பழ நிறத்தை வாங்கிப் போனார். பூசி முடித்த அன்று என்னை வரச்சொல்லி, அந்த ஜன்னலடியில் உட்காரவைத்து ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார். அப்படியொரு அடுப்படியில் நான் சாப்பிட்டதே இல்லை. எங்கள் வீட்டு அடுப்படியும் அப்படி இல்லை.

லயத்துச் சுவரை உடைத்தால் தோட்டம் கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சாய்ப்பை இறக்கியது அக்காவின் மாமனார், தன் கையால் மண் குழைத்து. நம்ம சுவரை நாம் உடைக்க யாரிடம் கேட்பது என்று அக்கா நினைத்துவிட்டார். லயத்து ஆட்கள் காலங்காலமாக நினைத்து ஏமாறுகிற விஷயம் இது. வேலைகளை மேற்பார்வை செய்யும் தோட்டத்துக் கண்டக்டர் வந்து நின்றார். அக்கா அவருக்கு அவருடைய சிங்களத்திலேயே சொன்னாராம்: "மே பித்திய பந்தே மகே மாமண்டி." இந்தச் சுவரைக் கட்டியது என் மாமனார் என்று. கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "பித்திய ஒயாகே, இடம அபே" என்றாராம். சுவர் உன்னுடையது, நிலம் எங்களுடையது. அப்படியென்றால் புகை யாருடையது? அதை அவர் சொல்லவில்லை.

ஜன்னலை மூடாவிட்டால் மல்லிகாவின் பெயரைச் செக்ரோலில் ஏற்றமாட்டோம் என்றார்கள். செக்ரோலில் பெயர் இல்லையென்றால் நிரந்தர வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அம்மாவுக்குப் பிறகு அந்த வீடும் இல்லை. அக்கா தன் கையாலேயே சிமெந்துக் கல் வைத்து அடைத்தார். ஜன்னல் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். "மழையில நனைய விட்றாதீங்க. திரும்ப வருவேன்" என்றார். அதைப் பின் அறையில் சாய்த்து வைத்தேன். தோட்டத்துக்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஏசாதீங்க தங்கச்சி, ஒங்க வாயில வரணுமா இதெல்லாம்? எனக்கு வேணும்னா ஏசத் தெரியாதா?" என்றார்.

பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. றப்பர் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று லயத்துக்கு வெள்ளை அடித்தார்கள். முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் எப்போதும்போல் கரி. வந்தவர்களுக்குக் காட்ட ஒரு நல்ல அடுப்படி வேண்டியிருந்தது. அதே கண்டக்டர் அக்காவிடம் வந்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அக்கா கதவைத் தூக்கிப்போக வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. நானும் அசடு மாதிரி புது ஆணி கொடுத்து அனுப்பினேன். வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், மேடையைத் தடவிப் பார்த்தார்கள், ஜன்னலடியில் அக்காவை நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். "இது நான் கட்டினது" என்று அக்கா சொன்னாராம். மொழிபெயர்த்தவர் வேறென்னமோ சொன்னார். அவர்கள் கண்டக்டரைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

வந்தவர்களின் வாகனம் போன கையோடு, மூடு என்றார்கள். ஒரு வீட்டில் திறந்துவிட்டால் எல்லா லயமும் உடைக்கும் என்பது காரணம். அக்கா மறுபடி கல் வைத்தார். கதவோடு மறுபடி என் கடைக்கு வந்தார். அன்றைக்கு அவரோடு சண்டை பிடித்தேன். "நீங்க ஏன்கா மூடுறீங்க? ஒங்க வாய் எங்க போச்சு?" என்று கத்தினேன். "மல்லிகா பேரு ஏறட்டும் தங்கச்சி. பொறவு பாருங்க, சுவத்தையே தூக்கிர்றேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

மல்லிகாவின் பெயர் ஏறியது. ஆனால் அதற்குள் அக்காவால் மலை ஏற முடியாமல் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், "பீடி பொனவத?" என்று கேட்டார்களாம், பீடி குடிப்பாரா என்று. விடிவதற்கு முன் எழுந்து அடுப்பூதியே நுரையீரல் கருகிப்போன மனுஷியைப் பார்த்து! மல்லிகாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். அங்கே நான் இல்லாமல் போனது அவர்கள் செய்த புண்ணியம்.

செத்த வீட்டுக்குப் போனேன். பாதை நெடுக வெள்ளைக் கொடி. லயத்தின் வெள்ளையடித்த முன்சுவரில் பெரிய பெனர் கட்டியிருந்தார்கள். அதில் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் கொய்யாப்பழ நிறச் சுவர், திறந்த ஜன்னல், பலாமர இலைகள். அவருக்கென்று இருந்த நல்ல படம் அது ஒன்றுதான், வெள்ளைக்காரர்கள் எடுத்தது. படத்துக்குப் பின்னால் வீட்டுக்குள் போனால், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போட நின்ற பெண்கள் புகையில் இருமிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் சிமெந்துக் கல். மல்லிகாவின் குழந்தையும் அங்கேதான் தூக்கக் கலக்கத்தில் இருமிக்கொண்டு கிடந்தது.

தூக்குவதற்கு முன் கண்டக்டர் நாலு வார்த்தை பேச எழுந்தார். நல்ல தமிழ்தான் பேசினார். பவளக்கொடி நம்ம தோட்டத்துக்கே பெருமை என்றார். முன்மாதிரி அடுப்படி என்றார். வெளிநாட்டிலேயே பாராட்டினார்கள் என்றார். "எந்த அடுப்படிங்க? அந்த ஜன்னல் எங்கன்னு கொஞ்சம் காட்டுங்க. நாங்க எல்லாரும் பாக்குறோம்" என்றேன். செத்த வீட்டில் அப்படிப் பேசக்கூடாது, தெரியும். பறைகூட நின்றுவிட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், பெனரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அக்காவின் கணவர் தலையைக் குனிந்தபடி, "கேளுங்கம்மா" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? இருக்கும்போது மூச்சு விட விடாதவர்களிடம், செத்த பிறகு எதைக் கேட்டு என்ன?

கருமாதி முடிந்த அடுத்த நாள் மல்லிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"சித்தி, அம்மாவோட ஜன்னலத் தாங்க."

"பேரை வெட்டிட்டாங்கன்னா?"

"வெட்டட்டும். பேரு இருந்து இவன் இருமிக்கிட்டே வளரணுமா?"

கதவைத் துடைத்து, பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டு, பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அன்று மாலையே கல்லைத் தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கை கொடுத்தார்களாம். கண்டக்டர் வந்து பார்த்தார், பேசாமல் போனார் என்கிறாள். நாளைக்கு என்ன செய்வாரோ தெரியாது. செய்யட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் இப்போது அக்காவின் ஜன்னல் இல்லை. அந்தக் கொய்யாப்பழ நிறம் கையில் இருக்கிறது, பழம் இல்லாமலே கலக்க வருகிறது. தொங்கல் லயத்துப் பெண்கள் அதைத்தான் கேட்டு வருகிறார்கள், "பவளம் கலரு தாங்க" என்று. மூடியைத் திறப்பதற்கு முன் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன்: "பொகைக்கு வழி வச்சாச்சா?" இல்லை என்று தலையாட்டினால் பெயின்ட் தரமாட்டேன். சம்மட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.