தேத்தண்ணிக்கடை முகைதீன்பாவாவின் வோட்டு

கல்முனைக் கடைத்தெருவில் அந்த நாளில் யாரைக் கேட்டாலும் முகைதீன்பாவா நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். ஏன் நல்லவர் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர் எவரோடும் மல்லுக்கு நின்றதில்லை. எவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. யார் என்ன சொன்னாலும் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே தேத்தண்ணி ஆற்றுவார். சந்தைக்கு எதிரே இருந்த அவருடைய சின்னக் கடையில் ஆட்கள் உட்கார இரண்டு வாங்குகள். ஒன்றில் ஒரு கட்சியும் மற்றதில் மறு கட்சியும் இருந்து வாய் கிழியக் கதைக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஓம்தான். அந்த ஓமில்தான் கடை ஓடியது என்று சொன்னாலும் பொய்யில்லை.

வெள்ளைக்காரன் போய் ஆறேழு வருஷம் ஆகியும் அவன் வைத்துவிட்டுப் போன சந்தைக் குத்தகை மட்டும் போகவில்லை. குத்தகை எடுத்தவர் மீன் கடகத்துக்கும் வரி வாங்குவார், சவளக்கடை என்ற ஊரிலிருந்து வரும் மரக்கறி மூட்டைக்கும் வாங்குவார், சாக்கு விரித்து நாலு தேங்காய் விற்கிறவளிடமும் வாங்குவார். அப்போது குத்தகை அச்சிமுகம்மதின் கையில் இருந்தது. நெல் ஆலைக்காரர், குரல் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது. முகைதீன்பாவாவின் மனைவி றுகையாவுக்குக் காக்கா, அதாவது கூடப்பிறந்த அண்ணனும் அவர்தான்.

குத்தகைக்கு எதிராகக் கடைக்காரரையும் மீன்காரரையும் ஒன்று சேர்த்தவர் மீராசாஹிபு. மருதமுனைக் கைத்தறிச் சாறன் விற்கும் புடவைக்கடைக்காரர். தாய்வழி வம்சமான குடிக் கணக்கில், முகைதீன்பாவாவின் உம்மா எந்தக் குடியோ அந்தக் குடியில் பிறந்தவர். வர்த்தகர் சங்கம் என்று ஒன்றை அவர் தொடங்கியது முகைதீன்பாவாவின் வாங்கில் இருந்துதான். ஒருநாள் கடைத்தெரு முழுக்கக் கடையடைப்பு என்று சங்கம் அறிவித்தது. முகைதீன்பாவாவும் சங்கத்துக்காக முன்பலகையைப் போட்டு அடைத்தார். பிறகு மச்சானின் ஆட்களுக்குப் பின்கதவால் தேத்தண்ணி ஊற்றினார். இரண்டு பக்கமும் அவரை மெச்சியது. மனிதர் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

சனியன் பட்டினசபை எலக்ஷன் வடிவில் வந்தது. ஒரே வட்டாரத்தில் அச்சிமுகம்மதும் மீராசாஹிபும் எதிரும் புதிருமாக நின்றார்கள். எங்கள் பக்கத்தில் வோட்டைக் குடி குடியாகத்தான் எண்ணுவார்கள். பிள்ளைக்கு உம்மாவின் குடிதான் குடி. அதனால் முகைதீன்பாவா நம்முடைய ஆள் என்று மீராசாஹிபின் பக்கம் எண்ணிக்கொண்டது. ஆனால் மாப்பிள்ளை போய் வாழ்வது பெண்டாட்டிக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில். அந்தக் கணக்கில் அச்சிமுகம்மதின் பக்கமும் அவரைத் தன்னுடைய ஆளாக எண்ணிக்கொண்டது. இருவரும் வந்து கேட்டார்கள். இருவருக்கும் அவர் ஓம் என்றார்.

ஓம் இரண்டும் ஊருக்குள் ஒன்றையொன்று சந்திக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அச்சிமுகம்மது நேரே தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"இஞ்ச பாரு மச்சான், என்ட தங்கச்சிட ஊட்டுல இரிந்துக்கிட்டு அவனுக்கு வோட்டுப் போட ஏலா. எனக்குத்தான் எண்டு கடைத்தெருவுல வெச்சிச் சொல்லு. இல்லாட்டி பாயைச் சுருட்டு."

முகைதீன்பாவா குசினிப் பக்கம் பார்த்தார். றுகையா அடுப்பில் தேங்காய்ப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இவளுக்கும் இதுதான் விருப்பம் போல என்று மனிதர் நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாயையும் தலையணையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பால் திரைந்துவிடுமே என்று கையெடுக்காமல் நின்றவள் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆளில்லை.

பாவம், மனிதர் கடையில் பட்ட பாடு பெரிய பாடு. சீனி மூட்டைக்கும் விறகுக்கும் நடுவில் படுக்கை. சங்கத்து ஆட்கள் அவர் தங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று மாலையோடு வந்தார்கள். அவருக்கு மாலை எதற்கு, றுகையா ஆக்கும் மீனாணமும் சோறும் அல்லவா வேண்டும்? பிள்ளைகளின் சத்தம் கேட்காமல் கண்ணயர முடியவில்லை. மச்சானுக்குத்தான் என்று ஒரு பொய்யைச் சொன்னால் வீடு கிடைக்கும். அந்தப் பொய்யை வாயில் வைத்துப் பார்த்தார், வெளியில் வர மறுத்தது.

வோட்டு நாளன்று காலையில் கடைத்தெரு நிறையச் சனம். பெண்களை ஏற்றிப் போவதற்காக அச்சிமுகம்மது தன் ஆலை மாட்டுக் கரத்தைகளுக்குத் திரை கட்டி அனுப்பியிருந்தார். றுகையாவை ஏற்றிய கரத்தை வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கு நேரே போகாமல் தேத்தண்ணிக்கடை முன்னால் வந்து நின்றது. பெண்கள் வந்து நிற்கிற இடமா அது? வாங்குகள் இரண்டிலும் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். சந்தை முகப்பில் நின்ற அச்சிமுகம்மது என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

திரைக்குள்ளிருந்து றுகையாவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்க, பாயைச் சுருட்டிக்கிட்டு வந்து ஏறுங்க."

முகைதீன்பாவா கையில் கோப்பையோடு மச்சானைப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்கிறீங்க? ஊட்டை எங்கட உம்மா என்ட பேருக்கு எழுதினவ. காக்காட பேருக்கில்ல. அதுல ஆர் இரிக்கிற, ஆர் போற எண்டு நான்தான் சொல்லணும். போறதுக்கு முன்ன என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல," என்றார் முகைதீன்பாவா. கடைத்தெரு அவர் வாயிலிருந்து கேட்ட முதல் இல்லை அதுவாகத்தான் இருக்கும்.

அச்சிமுகம்மது, "தங்கச்சி, ஊரே பாக்கிது" என்று பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும் காக்கா. ஊரைக் கூட்டினது நீங்கதானே."

முகைதீன்பாவா பாயை எடுத்து வந்தார். கரத்தையில் ஒரு காலை வைத்தவர் ஏறாமல் நின்று திரும்பினார். வீடு இனி எங்கேயும் போகாது என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு அந்தத் தைரியம் வந்தது. அதனால் என்ன, வந்ததே பெரிது.

"மச்சான், என்ட வோட்டு மீராசாஹிபுக்கு. கடகம் சுமந்து வாற பொம்புளைகளிட்ட நீங்க வாங்கிற வரி எனக்கு ஒருநாளும் சரியாப் படல்ல. உங்கட முகத்துக்கு முன்ன சொல்லப் பயந்திட்டு இரிந்தன்."

அச்சிமுகம்மதின் முகம் சிவந்தது. திரைக்குள்ளிருந்து மறுபடி குரல் கேட்டது.

"என்ட வோட்டு காக்காவுக்கு. ஒரு மடியில வளர்ந்த நாங்க, நான் மாறமாட்டன். ரெண்டு பேரும் இந்தக் கரத்தையிலதான் போறம். போய்ட்டு ரெண்டு பேரும் ஊட்டதான் வருவம்."

முகைதீன்பாவா ஏறி இருந்தார். பாய் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கரத்தைக்காரன் மாட்டைத் தட்டாமல் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அச்சிமுகம்மது கிட்ட வந்து, வெளியே நீட்டிய பாயை உள்ளே தள்ளிவிட்டு, அவனிடம் "ஓட்டு" என்றார்.