நாலு இடமும் சுத்தம்

எங்கள் மேடத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. மருத்துவமனை ஆண்டு மலரில் ஓய்வு பெற்றவர்கள், பதவி உயர்வு வாங்கியவர்கள், மாற்றலாகிப் போனவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் கால் கடுக்க நின்ற ஒரு டாக்டருக்கு அரை வரிகூட இல்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அங்கே தலைமை நர்ஸ். பதினாறு வருடம் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள்.

மேடம் வெறும் எம்.பி.பி.எஸ். மேல்படிப்புக்கு மூன்று தடவை பரீட்சை எழுதி மூன்று தடவையும் இடம் கிடைக்கவில்லை. அப்புறம் கல்யாணம், மகள், மாமியாரின் பக்கவாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அந்த ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். மேல்படிப்பு முடித்து வரும் சின்ன டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அமுக்கு மேடம்’. தலைவலி என்று வந்தவனைக்கூடப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்க்காமல் அனுப்பமாட்டார் என்று கிண்டல். அது அவர் காதிலும் விழும். “நான் அமுக்கினா வயிறு பேசும். நீங்க அமுக்கினா உங்க போன்தான் பேசும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அந்தக் கையை நான் நம்பினேன். குடல் வால் வெடிக்கப் போகிறதா, வெறும் வாயுவா என்று விரலை வைத்ததும் சொல்லிவிடுவார். சந்தேகம் என்றால் ஆளை விடமாட்டார். “படுத்திருக்கட்டும் சிஸ்டர், சாயங்காலம் மறுபடி தொட்டுப் பார்க்கிறேன்” என்பார். கட்டில் காலியில்லை என்று நாங்கள் முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். எத்தனையோ பேர் அந்தப் பிடிவாதத்தால் பிழைத்தார்கள்.

டாக்டர் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து முப்பது புள்ளி சேர்க்க வேண்டும் என்று விதி. பல டாக்டர்கள் வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மேடத்துக்கு அந்த வருடம் எட்டுப் புள்ளி குறைந்தது. கிடைத்தது ஒரே ஒரு வகுப்பு. கட்டிலருகே டாக்டர்களே ஸ்கேன் செய்து பார்ப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. புலம்பிக்கொண்டேதான் போனார். அங்கே எல்லோரிலும் மூத்தவர் அவர்தானாம். சொல்லிக்கொடுத்தவருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

திங்கட்கிழமை வேறு ஆளாகத் திரும்பி வந்தார். அடிபட்டவர்களுக்கு நாலு இடத்தில் பார்க்க வேண்டுமாம். வலது விலாவுக்குக் கீழே, இடது விலாவுக்குக் கீழே, அடிவயிறு, நெஞ்சுக்குழி. ரத்தம் தேங்கியிருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். எங்களைக் கூட்டி வைத்து அவரே வகுப்பெடுத்தார். “முதல் தடவை சுத்தமா இருந்தா சந்தோஷப்பட்டுடாதீங்க. சில பேருக்கு ரத்தம் மெதுவா கசியும். ஆறு மணி நேரம் வச்சிருந்து மறுபடி பார்க்கணும். பரீட்சையில இதே கேள்வி வந்தது, கரெக்டா எழுதினேன்” என்றார். ஐம்பது வயதில் அவர் அப்படிப் பெருமை பேசி நான் கேட்டதேயில்லை.

வீட்டிலும் இதே பாட்டுதான். இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து வரும் கணவரைச் சோபாவில் படுக்க வைத்து, டிவி ரிமோட்டை வயிற்றில் வைத்துக் கோணம் பழகுவாராம். கணவர் ஒருமுறை எங்கள் அறைக்கு வந்தபோது, “நானும் தினமும் படுக்கிறேன் சிஸ்டர், இன்னும் ஒரு சேனல்கூட மாறலை” என்றார். மேடம் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கையடக்க ஸ்கேன் கருவி ஒன்று எங்கள் பிரிவுக்கு வந்தது. வந்த மூன்றாம் வாரம், சீட்டு வாங்கும் வரிசையில் ஒரு இளம்பெண் மயங்கி விழுந்தாள். மேடம் கருவியை வைத்தார், அடிவயிறு முழுக்கக் கறுப்பு. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருந்தது. பத்து நிமிடத்தில் ஆபரேஷன் அறைக்குள் இருந்தாள், பிழைத்தாள். அறுவை சிகிச்சை டாக்டரே கீழே இறங்கி வந்து மேடத்துக்குக் கை கொடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. சின்ன டாக்டர்கள் ‘அமுக்கு மேடம்’ என்பதை விட்டுவிட்டு, சந்தேகம் கேட்க அவரிடம் வந்து நின்றார்கள். அவருடைய நடையே மாறியது.

கை எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் அமுக்கிவிட்டு ஸ்கேன் பார்த்தார். பிறகு ஸ்கேன் பார்த்துவிட்டு அமுக்கினார். பிறகு ஸ்கேன் மட்டும். நான் கவனித்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாள் காலை பத்து மணிக்கு ஒரு கதவுக்காரர் வந்தார். வீடுகளுக்குக் கதவு, ஜன்னல் பொருத்துகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஏணி சரிந்து இடது பக்கமாக விழுந்திருக்கிறார். நடந்துதான் வந்தார். முழங்கையில் சிராய்ப்பு, விலாவில் வலி, இடது தோளில் ஒரு இழுப்பு.

மேடம் ஜெல்லைத் தடவி, கருவியை நகர்த்தி நாலு இடமும் பார்த்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை.

“நாலு இடமும் சுத்தம்” என்றார்.

“அப்போ நான் கிளம்பலாமா டாக்டரம்மா?” என்று கேட்டார் கதவுக்காரர். “ஒரு வீட்டுல நிலையை மட்டும் மாட்டிட்டு, கதவைத் திண்டுல சாய்ச்சு வச்சிட்டு வந்திருக்கேன். அந்த வீட்டம்மா கதவில்லாத வீட்டுல எப்படிக் குளிக்கிறதுன்னு என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க.”

எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார். “இன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க. வீட்டுல படுங்க. வலி அதிகமானா உடனே வாங்க” என்றார். பதினொன்றே காலுக்கு, வீட்டுக்கு அனுப்பும் சீட்டை எழுதிக் கொடுத்தேன். அவருடைய நாடித் துடிப்பு நூற்றி நாலு என்று என் கையால்தான் எழுதியிருந்தேன். விழுந்த பயம், வலி, அதனால் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. வயிற்றில் கையும் வைக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பு வெளிறிச் சில்லிட்டிருந்தது. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தினோம். மேடம் ஒரே ஒரு முறை கருவியை வைத்தார். நாலு இடமும் கறுப்பு. மண்ணீரலில் விழுந்த சின்னக் கீறல், மெதுவாகக் கசிந்து, ஒரேயடியாகக் கிழிந்திருந்தது. தோளில் இருந்த இழுப்பும் அதனுடைய வலிதான். வகுப்பில் இதையும் சொல்லியிருந்தார்களாம்.

மறுநாள் மருத்துவமனைச் சூப்பிரண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். காலையில் எடுத்த படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தார். “படம் சுத்தமா இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்? வாயைத் திறக்காம இருங்க” என்றார். மேடம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவுக்காரருடைய மனைவியின் அண்ணன் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிவிட்டார் என்று அடுத்த வாரம் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு முற்பகல், கதவுக்காரரின் மனைவி சில காகிதங்கள் வாங்க என்னிடம் வந்தாள். சின்னப் பெண். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? மூணு மணி இருக்கும், தோள் ரொம்ப வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டாரு. நான்தான், ‘மெஷின்லயே பார்த்துட்டாங்கல்ல, ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்கல்ல, சும்மா படுங்க’ன்னு சொன்னேன். தைலம் போட்டுத் தேய்ச்சு விட்டேன். நல்லா அழுத்தித் தேய்ச்சேன். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாரா?”

பிழைத்திருப்பார். அவர்கள் வீடு ஆட்டோவில் பத்து நிமிடம். மூன்று மணிக்கு வந்திருந்தால் மண்ணீரலை எடுத்துவிட்டு, ரத்தம் ஏற்றி, ஒரு வாரத்தில் அனுப்பியிருப்போம். “டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்மா” என்று தப்பித்தேன். “எங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். தூங்கவே முடியலை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடத்திடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தப் பொண்ணு என் வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கா” என்றார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு சூப்பிரண்டு மறுபடி கூப்பிட்டார். முகத்தில் ஒரு தெளிவு. நான் எழுதிக் கொடுத்த சீட்டின் நகல் அவர் கையில் இருந்தது. “இதுல ‘வலி அதிகமானால் உடனே வரவும்’னு இருக்கு. வலி அதிகமாகியிருக்கு, அவங்க வரலை. கவுன்சில்ல கண்டிப்பா கேப்பாங்க, திரும்ப வந்திருந்தா காப்பாத்தியிருக்க முடியுமான்னு. முடியும்னு சொல்லுங்க. அதுதானே உண்மை? ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. இல்லேன்னா உங்க பதிவே போயிடும், பார்த்துக்கங்க.”

அவர் சொன்னது பொய் இல்லை. வெளியே வந்ததும், “மேடம், வீட்டுல பொண்ணு படிச்சிக்கிட்டு இருக்கா” என்றேன். “தெரியும் சிஸ்டர்” என்றார்.

விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். பின்வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்தில் அந்தப் பெண், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. என்னை முதலில் கேட்டார்கள். நாடித் துடிப்பு நூற்றி நாலு என்றும், அதை நான் எடுத்துச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். பிறகு மேடம் எழுந்தார். வயிற்றில் கை வைக்கவில்லை, ஆறு மணி நேரம் வைத்திருக்கவில்லை, இரண்டாவது ஸ்கேன் பார்க்கவில்லை என்று அவராகவே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நடுவில் இருந்தவர் சீட்டின் நகலைத் தூக்கிக் காட்டினார். “வலி அதிகமானா வரச் சொல்லியிருக்கீங்க. அன்னைக்கு மத்தியானம், மூணு நாலு மணிக்கு, அவர் திரும்ப வந்திருந்தா காப்பாத்தியிருக்க முடியுமா?”

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

“முடியாது” என்றார் மேடம்.

நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அவரும் டாக்டர், அவருக்குத் தெரியாதா. “யோசிச்சுச் சொல்லுங்க. மண்ணீரல் காயம், நடந்து போன ஆளு. மூணு மணிக்கு வந்திருந்தாக்கூடவா?”

“வந்திருந்தாலும் பயனில்லை சார். நான் அனுப்பின நேரத்துலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வீட்டுல யார் என்ன செஞ்சிருந்தாலும், செய்யாம விட்டிருந்தாலும், ஒண்ணும் மாறியிருக்காது. அப்படியே எழுதிக்குங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூப்பிரண்டு பல்லைக் கடித்தார். எனக்கு எழுந்து நின்று, இது பொய், இந்த அம்மா தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்தே இருந்தேன். நடுவில் இருந்தவரும் ஒருமுறை பின்வரிசையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, மேடம் சொன்னதை வரி வரியாக எழுதிக்கொண்டார்.

மூன்று வருடம் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு. ஐம்பதில் மூன்று வருடம் வெளியே நிறுத்தப்பட்ட டாக்டரைத் திரும்பக் கூப்பிட எந்த மருத்துவமனைக்கும் மனசு வராது. அவருக்கும் அது தெரியும்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் எங்களை நோக்கி வந்தாள். அண்ணன் தடுத்தார், அவள் நிற்கவில்லை. மேடத்தின் எதிரில் வந்து நின்றாள்.

“என் வீட்டுக்காரரைக் கொன்னது நீங்கதான்” என்றாள். “நீங்க மட்டும்தான்.”

“ஆமாம்மா” என்றார் மேடம். “நான் மட்டும்தான்.”