அரிசியளவு வலம்புரி

எண்பதுகளில் கோலசிலாங்கூர் ஆற்றோரமாக இருந்த ஒரு சிறிய கடலாய்வுக் கூடத்தில் நான் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா. கூடம் என்றால் இரண்டு அறை, ஒரு ஸ்டோர், ஓயாமல் ஒழுகும் ஒரு குழாய். அரசாங்கச் சொத்தை எப்படி வாங்குவது, எப்படி வைப்பது, எப்படித் தொலைப்பது என்பதில் எனக்குத் தெரியாத விதி கிடையாது. தொலைப்பதற்குத்தான் விதிகள் அதிகம்.

எங்கள் வழக்கமான வேலை கெராங். ஆற்று முகத்தில் சேற்றுக்குள் கிடக்கும் அந்தச் சிப்பியை எண்ணுவோம், அளப்போம், அலுவலக நேரம் முடிந்ததும் அவித்துத் தின்போம். அப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்கு, வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று அந்தமான் பக்கம் ஆழ்கடலின் தரையிலிருந்து அள்ளிய சேற்றில், தனக்கு மிஞ்சியதை வாளி வாளியாக அனுப்பிவைத்தது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு சீனப் பெண் அதிகாரி மாற்றலாகி வந்தார். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. சேற்றைச் சல்லடையில் கழுவி, மிஞ்சியதைப் பூதக்கண்ணாடியின் கீழ் பரப்பி, குட்டிக் குட்டி நத்தைகளையும் சிப்பிகளையும் இடுக்கியால் பொறுக்குவது அவர் வேலை. பொறுக்கியதற்கெல்லாம் குப்பி வாங்கித் தருவது என் வேலை.

“எதுக்கு மிஸ் இவ்வளவு குப்பி? எல்லாத்தையும் ஒண்ணாப் போடலாமே?” என்றேன் ஒருநாள்.

“நம்ம கெராங் சேத்துல கோடிக்கணக்குல கிடக்கும், எல்லாம் ஒரே வகை. அங்க கடலுக்குக் கீழே அப்படி இல்ல லா. ஒரு கைப்பிடிச் சேத்துல அத்தனை வகை. ஆனா ஒவ்வொரு வகையிலும் ஒண்ணோ ரெண்டோதான்,” என்றார் மலாயில்.

எனக்கு உடனே எங்கள் கோயில் கமிட்டி ஞாபகம் வந்தது. பதினோரு பேர், பதினோரு வகை.

கோயில் புக்கிட் ரோத்தான் ஊரை ஒட்டிய தோட்டத்தில் இருந்தது. தலைவர், தோட்டத்து ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர். செயலாளர், என் மனைவியின் தம்பி, லோரி ஓட்டுபவன். அந்த வருடக் கார்த்திகைத் திங்கட்கிழமையில் நூற்றெட்டுச் சங்கு வைத்து சிவனுக்கு அபிஷேகம் செய்வதாகவும், நடுச்சங்கு அசல் வலம்புரி என்றும் மச்சான் நோட்டீஸ் அடித்து எஸ்டேட் எஸ்டேட்டாகக் கொடுத்துவிட்டான். வலம்புரி தருவதாகச் சொன்ன கிள்ளான் ஊர்க்காரர் கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டார். தலைவர் கமிட்டியைக் கூட்டி ஒரே வரியில் முடித்தார்: “திங்கக்கிழம வலம்புரி இல்லன்னா, செவ்வாக்கிழம நீ செயலாளர் இல்ல.”

மச்சானுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பதவி அது. அதற்காக அவன் கூட்டிப் பெருக்காத நாளில்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். பரிதாபப்பட்டு, பேச்சை மாற்றுவதாக நினைத்து, மிஸ்ஸுடைய சேற்றில் எதிர்ப்பக்கம் சுருண்ட நத்தை ஓடு ஒன்று கிடைத்திருப்பதாக நான் சொன்னேன்.

அவன் கை நின்றது. “மாமா, அப்ப அது வலம்புரியா?”

“வலம்புரி மாதிரி சுத்தியிருக்கு. அவ்வளவுதான்.”

“எம்மாம் பெருசு?”

“ஒரு அரிசி.”

“பச்சரிசியா, புழுங்கலரிசியா?”

மறுநாள் காலையில் கூடத்து வாசலில் நின்றான், குளித்து விபூதி பூசிக்கொண்டு. மிஸ் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த வகையில் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அவர் முகம் மலர்ந்துபோனது. “நான் வந்ததிலேருந்து என் நத்தையைப் பார்க்கணும்னு கேட்ட முதல் ஆள் இவர்தான். ஆனா நானும் கூட வருவேன்.”

ஆய்வுப் பொருளைக் கோயிலுக்கு இரவல் கொடுக்கலாம் என்று விதியில் இல்லை. கூடாது என்றும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நான் முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன். ‘பொதுமக்கள் பார்வைக்கு, அதிகாரி உடனிருப்பார்’ என்று எழுதி முத்திரை குத்தினேன்.

திங்கட்கிழமை குருக்கள் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். மிஸ் அதைக் கூர்நுனி மேலே இருக்கும்படி இடுக்கியில் பிடித்து, “வாய் இடது பக்கம்” என்றார். குருக்கள் இடுக்கியைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி, “வாய் வலப்பக்கம். வலம்புரியேதான்,” என்றார். இருவருக்கும் பரம திருப்தி. இவ்வளவு சுலபமாக முடிந்த ஒரு கூட்டத்தை நான் அரசாங்கத்தில் பார்த்ததில்லை.

பச்சரிசியைப் பரப்பி, மற்ற சங்குகளை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு வெற்றிலை வைத்து, அதன்மேல் மிஸ் தன் நத்தையை இறக்கினார். ஜனம் எட்டி எட்டிப் பார்த்தது.

தலைவர் வேர்த்து விறுவிறுக்க வந்தார். “வலம்புரி எங்கய்யா?”

“நடுவுல தலைவரே,” என்றான் மச்சான்.

“நடுவுல வெத்தலதான இருக்கு? ஒண்ணும் தெரியல, ஒரே புழுக்கம். அந்தக் காத்தாடிய இப்பிடித் திருப்பு.” யாரும் திருப்புவதற்குள் அவரே திருப்பிவிட்டார்.

வெற்றிலை எழுந்து, யோசித்து, குப்புற விழுந்தது. வெள்ளை அரிசிக்குள் அரிசியளவு வெள்ளைச் சங்கு போய்விட்டது.

மிஸ் போய்க் காற்றாடியை அணைத்தார். பூக்கட்டும் நாரால் அரிசியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். “கருப்புத் துணி வேணும்,” என்றார். கார்த்திகை மாதமாயிற்றே, ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் நாலு பேர் கருப்புத் துண்டோடு நின்றார்கள். துண்டுகள் பறிமுதலாயின. ஒவ்வொரு கரண்டியாக அரிசியைத் துண்டில் கொட்டி, விரலால் தள்ளி, பார்த்த அரிசியை வேறு தாம்பாளத்தில் போட வேண்டும். கடலடிச் சேற்றுக்கு அவர் செய்கிற அதே முறை. குருக்கள் நேரம் போகிறது என்று முனகினார். மிஸ் அவருக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்.

காற்றாடியைத் திருப்பியவர் தலைவர் என்பதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குனிந்தவர் நிமிரவேயில்லை. தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து சிவனே என்று அரிசி தள்ளினான்.

“கெடச்சிருச்சு!” என்று தலைவர் கத்திய கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அது அரிசியில்லை என்று மிஸ் பூதக்கண்ணாடியில் பார்த்து உறுதிசெய்தார்.

பின்னால் நின்ற பொருளாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது சங்கா? நத்த லா,” என்றார்.

தலைவர் திரும்பினார். “யாருடா அவன்? அசல் வலம்புரிடா! இந்தக் கையால எடுத்தேன்! செயலாளரே, நீ சொல்லுய்யா, வலம்புரியா இல்லையா?”

“வலம்புரிதான் தலைவரே,” என்றான் மச்சான். அன்றைக்கு அவன் சொன்ன நான்கே வார்த்தைகளில் இரண்டு அவை.

மிஸ் கொடுத்த சொட்டுக்குழாயால் குருக்கள் சங்குக்குள் தீர்த்தம் விட்டார். சொட்டு சங்கைவிடப் பெரியதாக இருந்தது. சிவன் நனைந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. சங்கு மறுநாள் குப்பிக்குத் திரும்பியது. அதில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கழுவ மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. தலைவர் போகிற கல்யாணத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். சாட்சிக்குச் செயலாளர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. முதல் வருடம் சங்கின் அளவைச் சுண்டுவிரல் நகத்தில் காட்டினார். பிறகு கட்டைவிரல், பிறகு உள்ளங்கை. நான் கடைசியாகக் கேட்டபோது அதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. மச்சான் தலையாட்டிக்கொண்டிருந்தான், இன்னும் செயலாளராக.