தொட்டில் கட்டிய குதிர்

சுதந்திரம் வந்த ஐந்தாவது வருஷம். எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, ரத வீதியில் மிச்சமிருந்த வளையல் கடைகளையும் பிரித்துக்கொண்டிருந்த வாரம். அந்த வாரத்தில் ஒரு நாள், புளியங்குடிக்கு மேற்கே மலையடியில் நடந்ததை எழுதுகிறேன். என் தப்பை நானே ஊருக்குச் சொல்வது போல ஆகுமே என்று பல நாள் தள்ளிப்போட்டேன். எழுதாமல் இருப்பதுதான் பெரிய தப்பு என்று இப்போது படுகிறது.

என் கணவருக்குக் கிணற்று உறை வார்க்கிற தொழில். ராஜபாளையம் ரோட்டில் ஒரு களம் உண்டு. சிமெண்ட் அப்போது பெர்மிட்டில்தான் கிடைக்கும். கிடைக்கிறபோது வாங்கி வைக்காவிட்டால் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வாங்கி வைத்தால் மழை விடாது. முந்தின ஐப்பசியில் கொட்டகை ஒழுகி, அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் அத்தனையும் கல்லாகிவிட்டன. சாக்கைக் கிழித்து எடுத்தாலும் மூட்டை வடிவத்திலேயே நின்றன. அவற்றை வேலியோரம் அடுக்கியிருந்தோம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இன்னொரு மழைக்காலம் அப்படிப் போனால் களத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. மலையடியில் ஒரு சிறு அணை வேலை முடிந்துவிட்டதாம். கான்ட்ராக்டர் சாமான்களை விற்கிறாராம். அதில் சிமெண்ட் கொட்டி வைக்கிற இரும்புக் குதிர் ஒன்றும் இருக்கிறதாம். நம் வீட்டு நெல் குதிர் போலத்தான். ஆனால் இரும்புத் தகட்டை ரிவெட் அடித்துச் செய்தது. நாலு கால்களில் உயரமாக நிற்கும். மேலே மூடி வழியாகக் கொட்டி, அடியில் புனல் போன்ற வாயைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். சிமெண்ட் தட்டுப்பாடாக இருந்த மாதங்களில், ரயில் எஞ்சின் கழித்த நிலக்கரிச் சாம்பலைச் சலித்து, சுண்ணாம்போடு கலக்க, அதையும் இதே குதிரில்தான் போட்டு வைத்தார்களாம்.

என் கணவர் போயிருக்க வேண்டியது. ஆனால் பத்து நாளைக்கு முன் ஒரு உறை உருண்டு அவர் பாதத்தின் மேல் ஏறி, காலில் கட்டோடு படுத்திருந்தார். எங்கள் கொத்தனார் அண்ணாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விற்பனைக் காகிதம் இங்கிலீஷில் இருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் என் கணவர் என்னையும் அண்ணாச்சியோடு அனுப்பினார். பார்க்க வேண்டியவற்றைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மூன்று வரிகள். ஒன்று, துரு எவ்வளவு. இரண்டு, அடிவாய் திறந்து மூடுகிறதா. மூன்று, ஆளை உள்ளே இறக்கி, மேல் மூடியைச் சாத்தி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா. வெளிச்சம் நுழைகிற இடத்தில் மழையும் நுழையும்.

"ஏட்டி, உள்ள ஆளை இறக்கிப் பாக்காம மட்டும் வாங்கிப்புடாத," என்று மூன்று தடவை சொன்னார்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, பால் மறக்கவில்லை. விட்டுவிட்டுப் போனால் அழுவாள், தூக்கிக்கொண்டு போனால் வெயில். மாமியார் விட்டுப் போ என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு, கடைசி நிமிஷத்தில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் புளியங்குடி போய்ச் சேருவதற்குள் அந்தக் காகிதத்தை ஆறு தடவையாவது பிரித்துப் பார்த்திருப்பேன்.

மலையடியில் இறங்கியபோது மரம் மட்டை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் வேலைக்காக வெட்டியிருந்தார்கள். அந்தப் பொட்டலில் நிழல் என்று இருந்தது அந்தக் குதிரின் அடியில் மட்டும்தான். அதன் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டில் கயிறு உராய்ந்து உராய்ந்து அந்த இடத்தில் இரும்பு பளபளவென்று இருந்தது. எவளோ சித்தாளின் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, நானும் அந்த நிழலில் ஒதுங்கி நின்றேன்.

சாமான்களை விற்றுக்கொண்டிருந்த மேஸ்திரி வெள்ளைச் சட்டையும் விரலில் மோதிரமுமாக வந்தார். "சட்டுனு முடிச்சுக்கிடுங்கம்மா. ராயகிரியிலேருந்து ஒருத்தர் மத்தியானம் ரூவாயோட வாரார்," என்றார். நான் காகிதத்தைப் பிரித்தேன்.

முதல் வரி: துரு. கொத்தனார் அண்ணாச்சி சுற்றி வந்து, நகத்தால் சுரண்டி, "குத்தமில்ல தாயி" என்றார். காகிதத்தில் ஒரு கோடு போட்டேன். இரண்டாவது வரி: அடிவாய். மேஸ்திரியே கம்பியைப் பிடித்து இழுத்துத் திறந்து காட்டினார். தகடு எளிதாக நகர்ந்தது. ஒரு பிடி கூடக் கீழே விழவில்லை. "பாத்தியளா, காலியா, சுத்தமா இருக்கு," என்றார். இன்னொரு கோடு. அண்ணாச்சி ஏணியில் ஏறி மேல் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "அடியில கொஞ்சம் சாம்பல் தெரியுது," என்றார். "அது துடைச்சா போயிரும்," என்றார் மேஸ்திரி.

இங்கேதான் நான் தவறினேன். வாய் திறந்து கிடக்கிறது, கீழே ஒன்றும் விழவில்லை. மேலேயிருந்து பார்த்தால் சாம்பல் தெரிகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. காகிதத்தில் அடிவாய் ஒரு வரி, உள்பக்கம் இன்னொரு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"அண்ணாச்சி, இனி உள்ள இறங்கிப் பாருங்க," என்றேன்.

அவருக்கு ஐம்பது வயது, கனத்த உடம்பு. "இங்கன நிக்கதுக்கே தலை சுத்துது தாயி. இறங்கித்தான் ஆகணுமா?" என்றார் ஏணியிலிருந்து.

"அவுக அப்பிடித்தான் சொல்லி அனுப்பியிருக்காக. பாக்காம போனா என்னையத்தான் கேப்பாக."

அவர் பெருமூச்சு விட்டு, ஒரு காலைத் தூக்கி மூடி வழியாக உள்ளே, சுவரில் அடித்திருந்த படிக்கம்பியில் வைத்தார்.

"யண்ணாச்சி! காலை எடுங்க! உள்ள போவாதிய!"

கரையில் மிச்ச மண்ணை வாரிக்கொண்டிருந்த சித்தாள்களில் ஒருத்தி, கூடையைத் தலையில் வைத்தபடியே ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கூடையைப் போட்ட வேகத்தில் மண் என் காலில் சிதறியது.

"ஏட்டி, உன் சோலியப் பாரு," என்று மேஸ்திரி கத்தினார். "மண்ணு சுமக்கவளுக்கு இரும்பைப் பத்தி என்ன தெரியும்?"

"இரும்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இதுக்குள்ள சாம்பலைச் சுமந்து கொட்டுனவ நான். அது தெரியும்."

சொல்லிக்கொண்டே ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டினாள். ஏணியில் ஏறி அண்ணாச்சியின் அருகே நின்று, கயிற்றை உள்ளே இறக்கினாள். கல் தட்டியதும் கயிற்றை எடுத்து முழம் போட்டாள். ஆறு முழம். பிறகு வெளியே, மூடியிலிருந்து புனல் தொடங்குகிற இடம் வரை கயிற்றைத் தொங்கவிட்டு அளந்தாள். பத்து முழம்.

"வெளிய பத்து. உள்ள ஆறு. மிச்சம் நாலு முழத்தை யாரு தின்னா?"

"அடியில சாம்பல் கிடக்குன்னு அவரே சொன்னாரே," என்றார் மேஸ்திரி.

"நாலு முழம் சாம்பல் கிடந்தா, நீங்க வாயைத் தொறந்தப்ப ஏன் விழலை? கீழ எம்பிள்ளை தொங்குது. அது தொங்கும்போதே கம்பியை இழுத்தியளே. ஒண்ணும் விழாதுன்னு தெரிஞ்சுதானே இழுத்திய?"

அண்ணாச்சி உள்ளே வைத்த காலை மெல்ல, மெல்ல வெளியே எடுத்தார்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. முந்தின மழையில் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த சிமெண்ட் நடுவயிற்றில் சுவரோடு சுவராக இறுகிவிட்டது. கீழே இருந்ததையெல்லாம் வாய் வழியாக எடுத்துவிட்டார்கள். மேலே இறுகியது மட்டும் ஒரு தளம் போல அந்தரத்தில் நின்றுவிட்டது. அதை உடைக்க நேரமில்லை என்று, அதன் மேலேயே சாம்பலைக் கொட்டி, மேலிருந்தே அள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அதுதான் அடித்தரை. அதில் ஒரு ஆள் கால் வைத்தால்?

அவள் நேரே குதிரின் அடிக்கு வந்தாள். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து, "இதைக் கொஞ்சம் வச்சிக்கிடுங்கம்மா," என்று என்னிடம் நீட்டினாள். நான் ஒரு நொடி தயங்கினேன். ஏன் தயங்கினேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது, படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். ஒரு தோளில் என் மகள், ஒரு தோளில் அவள் மகன். இருவரும் ஒரே கனம்.

எல்லோரையும் தூர நிறுத்திவிட்டு, அடிவாயை முழுக்கத் திறந்து வைத்தாள். "இங்கன தட்டினா ணங்குங்கும், இங்கன தொப்புங்கும். தொப்புங்கிற இடத்துல அடிங்க," என்று வெளிச்சுவரில் கை வைத்து அண்ணாச்சிக்குக் காட்டினாள். அது எப்படித் தெரியும் என்று நான் பிறகு கேட்டேன். இந்த இரும்பில் விழுகிற ஒவ்வொரு தட்டுக்கும் பிள்ளை முழிக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே வேலை செய்தவளுக்குத் தெரியாதா என்றாள்.

அண்ணாச்சி சம்மட்டியால் ஏழெட்டு அடி அடித்திருப்பார். கல் வண்டியைக் குடை சாய்த்தது போல ஒரு சத்தம். குதிர் கால்கள் வரை அதிர்ந்தது. மேலேயும் கீழேயும் சாம்பல் பொங்கி வந்து வானத்தையே மறைத்தது. அடங்கிய பிறகு பார்த்தால், வாயில் சிக்கி நின்றன சிமெண்ட் பாளங்கள். ஓரத்தில் ஒரு சாண் தடிப்பு. நடுவில் இரண்டு விரல்கூட இல்லை. அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நாலு பெண்பிள்ளைகள். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவரை இறங்கச் சொன்னது மேஸ்திரி இல்லை, நான்.

அவர்தான் முதலில் பேசினார். தலை முதல் கால் வரை வெளுத்துப் போயிருந்த மேஸ்திரியைப் பார்த்து, "ஏம் வே, உடம்பெல்லாம் திருநீறு பூசியாச்சு. இனிமேலாவது பொய் சொல்லாதேயும்," என்றார். அந்தச் சித்தாள் சிரித்த சிரிப்பில், சத்தத்துக்கு முழித்து என் தோளில் அழுதுகொண்டிருந்த இரண்டும் அழுகையை நிறுத்தின.

அதோடு அவள் போயிருக்கலாம். போகவில்லை. பாளங்களை இழுத்துப் போட்ட பிறகு, எதற்காக ஆளை இறக்கச் சொன்னேன் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, "உங்க வீட்டு அய்யா சொன்னதையும் பாத்துருவோம்," என்று ஒரு பிடி ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை அண்ணாச்சி கையில் கொடுத்து உள்ளே இறங்கி, மூடியைச் சாத்தச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இரும்புச் சுவரிலிருந்து ஒரு ஈர்க்குச்சி எட்டிப் பார்த்தது. பிறகு கிழக்கே இன்னொன்று. பிறகு ரிவெட் ஓரமாக மூன்றாவது. வெளிச்சம் தெரிந்த ஒவ்வொரு துளையிலும் உள்ளேயிருந்து ஒரு குச்சியைச் செருகியிருக்கிறாள். மொத்தம் மூன்று. அண்ணாச்சி ஒவ்வொன்றையும் கரியால் வட்டமிட்டார். "மூணு ரிவெட்டு அடிச்சா போதும் தாயி. இது நூறு வருஷம் நிக்கும்," என்றார்.

வாங்கினோம். ராயகிரிக்காரர் என்று ஒருவர் வரவேயில்லை. மேஸ்திரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு அடுத்த வேலைக்குப் போற லாரியில உனக்கு இடமில்ல," என்றார். அவளோ முகத்துச் சாம்பலை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "லாரி இல்லன்னா காலு இருக்கு," என்றாள்.

சங்கரன்கோவிலில் எங்கள் களத்துக்கு வந்துவிடு என்று அவளிடம் சொன்னேன். இரண்டு தடவை இடத்தைச் சொன்னேன். "வாரேம்மா," என்றாள். மாட்டு வண்டி வந்தது. ஏற்றுவதற்கு முன், அவள் குதிரின் கால்களிலிருந்து தொட்டில் கயிற்றை அவிழ்த்து முழங்கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு அந்த இரும்புக் காலை, மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல இரண்டு தட்டுத் தட்டினாள். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். இனி எங்கே தொட்டில் கட்டுவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். "நான்தானே எழுதச் சொன்னேன்," என்றார் என் கணவர். என் காகிதத்தை வாங்கி, மூன்றாவது வரிக்கு மேலே தன் கையால் ஒரு வரி எழுதினார்: 'அங்கே சுமந்தவர்களைக் கேள்.' அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

குதிர் எங்கள் களத்தில் நிற்கிறது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒரு மூட்டை சிமெண்ட் கூட வீணாகவில்லை. சாயம் பூசியபோது, கயிறு தேய்த்த அந்த இரண்டு இடங்களை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். எங்கள் சித்தாள்கள் இப்போது அதன் கால்களில்தான் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளைகளையெல்லாம் எடுத்தாயிற்றா என்று ஒருத்தி உரக்கக் கேட்டு, மற்றவர்கள் ஆயிற்று என்று சொன்ன பிறகுதான் வாய்த் தகட்டைத் திறக்க வேண்டும் என்பது என் சட்டம்.

அவள் இன்னும் வரவில்லை. ஆடித்தபசுக் கூட்டத்தில் இடுப்பில் பிள்ளையோடு எவளாவது வேகமாக நடந்து போனால், என் கால் தானாக அவள் பின்னால் நாலடி போய்விடுகிறது. நான் வாங்கத் தயங்கிய ஒரு நொடியை அவள் மறந்திருப்பாள், அவள் யோசிக்காமல் கொடுத்ததை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.