விசில் வரும்வரை திருப்பு

என் அக்கா புருஷனுக்கு ஊரில் ‘விசில்’ என்றுதான் பெயர். கார்களுக்கு டர்போ மாட்டி வேகம் கூட்டிக் கொடுப்பது அவர் தொழில். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சின்னக் காற்றாடி, சுற்றும்போது விசிலடிக்கும். எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அதற்கேற்ப ஒரு நட்டைத் திருப்பி வைக்க வேண்டும். மற்ற பட்டறைகளில் மீட்டரைப் பார்த்துத் திருப்புவார்கள். அத்தானோ கண்ணை மூடிக்கொண்டு, விசில் தன் காதுக்குப் பிடித்த மாதிரி வரும்வரை திருப்புவார்.

“மீட்டர் எதுக்கு? காது இருக்குல்ல?” என்பார். அந்த மிதப்பிலும் நியாயம் இருந்தது. அவர் கை வைத்த வண்டி எதுவும் பழுதென்று திரும்பி வந்ததில்லை.

கொஞ்ச காலமாக அக்கா ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். “வாஷிங் மெஷின் கீ கீன்னு கத்துது. பக்கத்துலயே உக்காந்திருக்காரு, அசைய மாட்டேங்கிறாரு.”

“பொண்டாட்டி கூப்பிட்டாலே காதுல விழாது, மெஷின் கூப்பிட்டா விழுமா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “நெஜமாவே கேக்கலடி. டாக்டர்கிட்ட போலாம்னா எரிஞ்சு விழறாரு. காது போயிட்டா அந்தப் பட்டறையில அவருக்கு என்ன இருக்கு சொல்லு?”

அத்தானிடம் நேரில் கேட்க யாருக்குத் தைரியம்?

என் பழைய காருக்கும் அவர்தான் டர்போ மாட்டியிருந்தார். இந்த முறை அவரிடம் சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்ததும் விசில் காதைக் கிழித்தது. எதிர்வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டது. அத்தான் ஏதோ புதிதாகச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேம்பாலத்தில் ஏறும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம். பின்னால் வெள்ளைப் புகை. வண்டி இழுவை இல்லாமல் ஓரமாகப் போய் நின்றது.

பட்டறையில் அத்தான் டர்போவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காற்றாடி நொறுங்கியிருந்தது; அதன் தண்டு இரண்டாக முறிந்திருந்தது. தாங்க முடியாத அழுத்தத்தில், கண்மண் தெரியாமல் சுற்றியிருக்கிறது.

“எவன் இந்த நட்டுல கை வெச்சது?” என்று எகிறினார்.

“உங்களத் தவிர எவன் வெப்பான்?” எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. “விசில் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு அத்தான்!”

“இல்லையே, கம்மியாத்தானே இருந்துச்சு. அதனாலதான் இன்னும் கொஞ்சம்…” பாதியில் நிறுத்திவிட்டார்.

வேலை முடிந்து ஒரு சிவப்புக் கார் பக்கத்தில் நின்றது. அலமாரியில் தூசி படிந்து கிடந்த மீட்டரை எடுத்து அதில் மாட்டினார். “நீ ஓட்டு, கொழுந்தியா. நான் முள்ளப் பாக்குறேன்.”

ஓட்டினேன். ஆக்ஸிலேட்டரைப் பாதிகூட மிதிக்கவில்லை, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. சட்டென்று காலை எடுத்தேன்.

“இப்ப விசில் கேட்டுச்சா அத்தான்?”

“இல்ல.”

பட்டறைக்குத் திரும்பி வாசலில் இறங்கியதும் சொன்னார். “சமீபத்துல செஞ்ச வண்டி எல்லாமே இப்படித்தான் இருக்கும். ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு.”

எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் சேர்த்த பெயர் அல்லவா? “சாமான் சரியில்லைன்னு சொல்லித் திருப்பிக் கூப்பிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு போனை எடுத்தார். என் கார் நின்றுபோனதைக் கேள்விப்பட்டு, என்ன ஆச்சு என்று பார்க்க அக்காவும் அதற்குள் வந்து கதவோரம் நின்றிருந்தாள்.

“வண்டிய எடுக்காதீங்க, நானே வந்து சரி பண்ணித் தரேன். தப்பு என்னோடது… என்ன சொல்றீங்க? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எனக்குக் காது சரியாக் கேக்கல.”

அடுத்த ஆளிடமும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரிடமும். ஒருவரையும் விடவில்லை.

கடைசியில் போனை வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். “டாக்டர்கிட்ட போலாமா?”

அக்கா ஏதோ முணுமுணுத்தாள்.

“கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு.”

“போலாம்னு சொன்னேன்!” என்று அழுதுகொண்டே கத்தினாள் அக்கா.